கை போகும் முன் கால் அறியும்

நான் நாகர்கோவிலில் பிசியோதெரபி தொழிலைத் தொடங்கியது 1980களின் கடைசியில். அன்று எங்கள் தொழிலுக்கு ஊரில் இருந்த பெயர் ‘கரண்டு வைக்கது’. “கரண்டு வைக்கதுக்கு எத்தன நாளு வரணும் சாரே?” என்று வாசலில் நின்றபடியே கேட்பார்கள். அறையில் இருந்த சாமான்களும் அதற்கேற்றவைதான். சூடு வைக்க ஷார்ட்வேவ் டயாதெர்மி, மெழுகு உருக்கும் தொட்டி, தசையைத் துடிக்கவைக்கும் ஸ்டிமுலேட்டர், நடை பழக இரண்டு கம்பிகள். பக்கவாதம் வந்தவரின் முன்கையில் ஸ்டிமுலேட்டரை வைத்தால் மடங்கிக் கிடந்த விரல்கள் படக்கென்று விரியும். கூட வந்தவர்களின் முகம் மலர்ந்துவிடும். கை வந்துவிட்டது என்று நினைப்பார்கள். வீட்டுக்குப் போனால் அதே கை டம்ளரை எடுக்காது.

தசையில் உயிர் இருக்கிறது, நரம்பும் இருக்கிறது, மின்சாரம் கொடுத்தால் விரல் விரிகிறது. பிறகு ஏன் டம்ளர் எழும்பவில்லை? இந்தக் கேள்விதான் என்னைத் தொழிலில் இத்தனை காலம் பிடித்து வைத்திருக்கிறது. டம்ளரை எடுப்பது என்பது விரல் விரிவதில் தொடங்குவதில்லை. அதற்கு முன்பே மூளை டம்ளரின் எடையைக் கணித்து, தோளை நிறுத்தி, முதுகை இறுக்கி, உட்கார்ந்திருக்கும் உடம்பு முன்னால் சாயாதபடி ஏற்பாடு செய்துவிடுகிறது. பக்கவாதத்தில் பலருக்கு முதலில் போவது இந்த ஏற்பாடு. ஸ்டிமுலேட்டரால் இதைத் தர முடியாது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு செம்பு தண்ணீர் போதும். முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டச் சொல்லி, கண்ணை மூடவைத்து, நிறைசெம்பை அதில் வைப்பேன். சற்று நேரம் கழித்துச் சொல்லாமல் சட்டென்று எடுத்துவிடுவேன். கை தானாக மேலே துள்ளும். எத்தனை முறை செய்தாலும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் துள்ளும். பிறகு அதே செம்பை அவர்களே மறுகையால் எடுக்க வேண்டும். இப்போது கை இருந்த இடத்திலேயே நிற்கும். கண் மூடித்தான் இருக்கிறது, எடையும் அதேதான். எடுப்பது தன் கை என்பது ஒன்றுதான் மாறியிருக்கிறது. எடுக்கும் கைக்கு உத்தரவு போடும்போதே, தாங்கும் கையின் புஜத்தசையைத் தளர்த்தவும் மூளை உத்தரவு போட்டுவிடுகிறது. எடை போனது தெரிந்தபின் தளர்த்துவதென்றால் அதற்குள் கை துள்ளியிருக்கும். பிரான்சின் மார்செய் நகரில் ழான் மாசியோனும் அவருடன் இருந்தவர்களும் 1980களில் இதை அளந்து காட்டினார்கள். சிறுபிள்ளைகளுக்கு இது முழுதாகக் கைவர வருஷங்கள் ஆகும்.

இதற்கும் முன்பு, 1967இல், மாஸ்கோவில் செய்த ஆய்வு ஒன்று எங்கள் தொழிலின் அடிப்படையையே மாற்றியது. நின்றுகொண்டிருப்பவரிடம் கையை வேகமாக முன்னால் தூக்கச் சொன்னார்கள். தோள் தசை வேலை தொடங்குவதற்குச் சுமார் 50 மில்லிநொடி முன்பே தொடையின் பின்பக்கத் தசை வேலையைத் தொடங்கியிருந்தது. கை முன்னால் போனால் உடம்பின் பாரமும் முன்னால் போகும். அதைத் தாங்கக் கால் முந்திக்கொள்கிறது. கருவி இல்லாமலே இதை ஓரளவு உணரலாம். நிற்பவரின் கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவரைக் கைதூக்கச் சொன்னால், கை எழும் நேரத்துக்குள் முதுகு இறுகியிருப்பது உங்கள் கைக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவரின் முதுகில் அந்த இறுக்கம் பிந்தி வரும், சிலருக்கு வரவே வராது. கைதூக்கும்போது அவர் ஏன் தள்ளாடுகிறார் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

இந்த ஆய்வைப் பற்றி நான் படித்த காலத்தில் இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பனையேறி அண்ணாச்சி சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். பனையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து, எலும்பு கூடி, நன்றாக நடக்கும் நிலைக்கு வந்துவிட்டார். இந்த மாவட்டத்தில் பனையிலிருந்து விழுந்தவர்களில் பலர் முதுகுத்தண்டு முறிந்து வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கிறார்கள். அந்த வகையில் அவர் தப்பியது பெரிது. பதநீர் இறக்கும் அக்கானி சீசன் தொடங்கப்போகிறது, ஏறலாமா என்று கேட்டார். அவருடைய தோட்டத்துக்கே போய், ஆளுயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி ஏறச் சொன்னேன்.

தளைநாரைக் காலில் மாட்டி, மரத்தை அணைத்து நாலைந்து எட்டு ஏறினார். மேலே மட்டை இருப்பதாக நினைத்து ஒரு கையை விட்டு நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை. கை மரத்தைவிட்டு அரை அங்குலம் எழும்பித் திரும்ப ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்து உட்கார்ந்தவர் சொன்னார்: “கையில ஒண்ணுமில்ல சாரே. கை போகதுக்கு முன்ன காலு அறியணும். இப்பம் காலு அறியல்ல.”

மாஸ்கோ ஆய்வை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவருடைய மகனை ஏறச் சொல்லிக் கீழிருந்து கவனித்தேன். கை மரத்தை விடுவதற்கு முன் இரண்டு பாதங்களும் தளையை வெளிப்பக்கமாக அழுத்துகின்றன, கால்விரல்கள் தடியைக் கவ்வுகின்றன, அதன் பின்தான் கை நீளுகிறது. விழுந்தவரிடம் அந்த அழுத்தம் இல்லை. அவருக்குத் தசையில் பலம் குறையவில்லை, பயம் ஆயத்தத்தைச் சுருக்கியிருந்தது. உயரமான மேடையின் விளிம்பில் ஆளை நிறுத்திச் செய்த ஆய்வுகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள். கீழே நிற்கும்போது வரும் முன்னேற்பாட்டு அசைவு, விளிம்பில் நிற்கும்போது சிறுத்துவிடுகிறது. அண்ணாச்சிக்குத் தரையில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தோம். முதலில் காலை அழுத்து, அழுத்தியதைச் சொல், பின்பு கையை நீட்டு. பிறகு ஒரு எட்டு உயரம், இரண்டு எட்டு உயரம். அந்த சீசனில் அவர் ஏறவில்லை, அடுத்த சீசனில் ஏறினார்.

1996இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் இன்னொரு செய்தியைச் சொன்னார்கள். கையை அசைக்கும் முன் அடிவயிற்றின் உள்தசை ஒன்று முந்தி இறுகும் என்றும், நாள்பட்ட இடுப்புவலி உள்ளவர்களிடம் அது பிந்துகிறது என்றும் கண்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க வயிற்றுத்தசைப் பயிற்சி என்றொரு அலை வந்தது, நம் ஊர் ஜிம்கள் வரைக்கும். அதில் எனக்கு உடன்பாடில்லை. பாயில் படுத்து வயிற்றை எக்குவதால் அந்தத் தசைக்குப் பலம் வரலாம். நேரம் தவறி வருவதுதான் அதன் கோளாறு. குலசேகரம் பக்கம் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கு இடுப்புவலி என்றால், குனிந்து, திரும்பி, கத்தியை இழுக்கும் அதே அசைவில்தான் அந்த நேரத்தைப் பழக்க வேண்டும். நான் அவர்களிடம் கத்தியையும் கொண்டுவரச் சொல்வேன்.

நாஞ்சில் நாட்டில் எங்களுக்கு முன்பே இந்த வேலையைச் செய்துவந்தவர்கள் வர்ம ஆசான்கள். பக்கவாதக்காரர்களில் பலர் முதலில் போவது இன்றைக்கும் அவர்களிடம்தான். எல்லாருடைய வைத்தியத்தையும் நான் ஏற்பதில்லை. கழுத்தைச் சொடுக்கி முறித்து அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அசைவைப் பார்க்கும் கண் அவர்களுக்கு உண்டு. தக்கலைப் பக்கத்தில் அடிமுறைச் சண்டைக்கலை சொல்லித்தரும் ஒரு முதிய ஆசானின் களரிக்கு நான் அடிக்கடி போவேன். சுவடு என்ற காலடி வைப்புகளைச் சொல்லிக் கொடுத்து முடித்து, பையன்களை எதிரெதிரே நிறுத்தி அடிக்கச் சொல்லுவார். ஒரு பையன் தடுக்கப் பிந்தி அடி வாங்கிக்கொண்டே இருந்தான். “கையப் பாக்காத மக்களே, கை வரும்பம் காரியம் முடிஞ்சு. தோளப் பாரு, கழுத்துக் குழியப் பாரு” என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்கத் தொடங்க மனிதனுக்குச் சுமார் 200 மில்லிநொடி ஆகும். பழகியவரின் குத்து அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். கையைப் பார்த்துத் தடுப்பவன் எப்போதும் பிந்துவான். அடிக்கிறவனின் உடம்பும் மாஸ்கோ விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கை கிளம்பும் முன் அவன் இடுப்பும் தோளும் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கை வருமுன்பே செய்தி வந்துவிடுகிறது. ஆசானின் களரியில் கற்ற இந்தப் பார்வையை நோயாளிகளிடம் தினமும் பயன்படுத்துகிறேன். நாற்காலியிலிருந்து எழப்போகிறவரின் முழங்காலை நான் பார்ப்பதில்லை. பாதம் பின்னால் இழுபடுகிறதா, மூக்கு முட்டியைத் தாண்டி முன்னே வருகிறதா என்று பார்க்கிறேன். இரண்டும் இல்லையென்றால் அவர் எழமாட்டார், எழுந்தாலும் பின்னால் விழுவார்.

பார்க்கின்சன் நோய் இந்த ஆயத்தத்தை வேறொரு இடத்தில் உடைக்கிறது. 1965இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும், ஒருவர் தானாக விரலை அசைப்பதற்கு ஒரு நொடிக்கும் மேலாக முன்பே உச்சந்தலைப் பகுதியில் மெல்லிய மின்னழுத்தம் ஏறத் தொடங்குவதை எழுதினார்கள். அசைவுக்கு மூளை தயாராகும் தடம் அது. பார்க்கின்சன் வந்தவர்களிடம் அதன் முற்பகுதி மங்கியிருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். யாரும் தூண்டாமல் தானாக ஓர் அசைவைத் தொடங்குவதுதான் அவர்களுக்குப் பாடு.

எனக்கு இதைக் கண்முன் காட்டியவர் ஒரு வில்லிசைக் கலைஞர். அம்மன் கோயில் கொடைகளில் பல காலம் உடுக்கை அடித்தவர். நான் பார்க்கும்போது எழுபதைத் தாண்டியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எழும்ப நினைப்பார், உடம்பு கேட்காது. மகன் இரண்டு கைகளையும் பிடித்து இழுப்பான், அவர் பின்னால் சாய்வார். மகன் இன்னும் பலமாக இழுப்பான். எழுந்தபின்னும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடைப்படியில் வந்தால் முற்றிலும் நின்றுவிடும்.

“காலு வரமாட்டேங்கு மக்களே. போன்னு சொல்லுகேன், கேக்கல்ல” என்றார் என்னிடம்.

மருந்தைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். மாத்திரை போட்டு வேலை செய்யும் நேரமாகப் பார்த்துத்தான் நான் போவேன். அன்று மகனை விலகச் சொன்னேன். அவருடைய மகளிடம், அவர் அடிக்கும் தாளம் எதையாவது ஜால்ராவில் போடச் சொன்னேன். அந்த அக்கா மெதுவான நடையில் தட்டத் தொடங்கினார். வில்லிசைப் பாட்டாவின் வலது கை மடியில் அசைந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. ஏழெட்டுச் சுற்று போனது. பாதம் இரண்டும் கட்டிலுக்குக் கீழே தானாக இழுபட்டன, தலை முன்னால் வந்தது, ஒரு தாளக்கட்டு முடியும் இடத்தில் எழுந்துவிட்டார். அதே தாளத்தில் திண்ணைவரை நடந்தார். ஜால்ரா நின்றதும் கால் நின்றது.

உள்ளிருந்து வரவேண்டிய ‘இப்போது’ என்ற சொல் அவருக்கு வெளியிலிருந்து வந்தது. தாளம் அடுத்த அடி எப்போது விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வாழ்நாள் முழுக்கத் தாளத்தில் இருந்த மூளை அதைப் பிடித்துக்கொண்டு காலைக் கிளப்புகிறது. கண்ணுக்குக் கொடுக்கும் குறியும் இப்படித்தான் வேலை செய்யும். தரையில் குறுக்கே கோடுகள் போட்டால் பார்க்கின்சன்காரர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பார் என்று லண்டன் டாக்டர் பர்டன் மார்ட்டின் 1967இலேயே எழுதியிருக்கிறார். பாட்டாவின் வீட்டில் கட்டிலிலிருந்து நடைப்படிவரை வெள்ளைப் பெயின்டில் ஒரு எட்டு இடைவெளியில் பட்டைகள் போட்டோம். நடைப்படியில் ஒரு சிவப்புப் பட்டை. மகனுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன், கையை இழுக்காதே, தாளம் போடு என்று. அதன் பிறகு அவர் நாலு வருஷத்துக்கும் மேல் தன் காலால் கழிப்பறைக்குப் போனார். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும்.

கடற்கரை ஊர்களில் வேறு வகைப் பாடம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. கரையேறிய முதல் நாள் தரை ஆடுகிறது என்பார்கள். கடலில் ஒவ்வொரு அலைக்கும் முன்னதாக முழங்காலைத் தளர்த்திப் பழகிய மூளை, தரையிலும் வராத அலைக்காகத் தளர்த்துகிறது. ஓரிரு நாளில் சரியாகிவிடும். இதற்குச் சிகிச்சை தேவையில்லை என்று சொல்லி அனுப்புவேன்.

சரியாகாமல் போனதையும் பார்த்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி மக்களில் பலர் கழுத்துவலி, தோள்வலி என்று வந்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. தொட்டுப் பார்த்தால் தோள் காதுவரை ஏறி இறுகியிருக்கும். கதவு அடித்துக்கொண்டால் உடம்பு தூக்கிவாரிப்போடும். ஒரு பெண், இராத்திரி அலைச்சத்தம் கேட்டால் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொள்கிறது, எழுந்து ஓடத் தயாராகி அப்படியே விடியும்வரை கிடக்கிறேன் என்று சொன்னார். அலை வரும் என்று மூளை ஒருமுறை கற்றுவிட்டால் அதை மறக்கவைக்கத் தைலமும் சூடும் போதாது. அங்கே எங்களைவிட மனநல மருத்துவர்கள்தான் அதிகம் தேவைப்பட்டார்கள். போதிய பேர் இல்லை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் அதே குறை இருந்தது.

எதிர்பார்த்த செய்தி வராமல் போவதும் மூளையை வதைக்கும். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வு செய்யும் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். கையை இழந்தவர்கள் இல்லாத கையில் வலி என்று துடிப்பார்கள். விரலை விரி என்று மூளை உத்தரவு போடுகிறது, விரிந்ததற்கான செய்தி வருவதில்லை. இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, எதிர்பார்த்த அசைவைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டால் பலருக்கு வலி இறங்குகிறது. வடசேரியில் ஓர் ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் அப்படியொரு பெட்டி செய்து வாங்கினேன். இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறேன், பக்கவாதக்காரர்களுக்கும். எல்லாருக்கும் பலிப்பதில்லை. பலிப்பவருக்கு முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

2001இல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஸ்கேனுக்கும் நரம்பு வைத்தியத்துக்கும் முன்புபோல் ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரம் ஓட வேண்டியதில்லை. பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிகிறது. என் அறையில் ஸ்டிமுலேட்டர் ஒரு மூலையில் இருக்கிறது. அதிகம் எடுப்பதில்லை. மேசையில் செம்பு, டம்ளர், பந்து, சட்டை, சாவி இருக்கின்றன. நோயாளி டம்ளரைப் பார்த்து, எடுக்கப்போகிறேன் என்று சொல்லி, காலை ஊன்றி, பிறகு கையை நீட்டுகிறார். கை பாதி தூரம்தான் போனாலும் சரி, முந்திய மூன்றும் நடந்துவிட்டால் அன்றைய வேலை நடந்துவிட்டது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரைச் சொல்லாமல் தூக்காதீர்கள். “பாட்டா, எழும்பப் போறோம்” என்று சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள், மூன்றுக்கு அவர் முன்னால் சாயும்வரை பொறுங்கள், அதன்பின் கைகொடுங்கள். அவர் டம்ளரோ தட்டோ எடுத்துக்கொண்டு நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னே போய், அவர் கண்ணில் பட நின்று பேசுங்கள். அடுத்த அடிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் மூளையை நடுவில் அழைத்தால் அவர் நிற்பார் அல்லது விழுவார். இடுப்பெலும்பு முறிந்து என்னிடம் வந்த வயதானவர்களில் பலர் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பியபோது விழுந்தவர்கள்.